அடிவயிற்றில் ஒரு சுளுக்கு

இடது பக்கம், இடுப்பெலும்பு முட்டிக்கொண்டு நிற்கிற இடத்திலிருந்து இரண்டு விரல் உள்ளே, ஒரு மாங்கொட்டையை வைத்துத் தைத்துவிட்ட மாதிரி இருக்கும். டாக்டர்கள் கேட்டபோதெல்லாம் இப்படித்தான் சொன்னேன். ஒருவர்கூட மாங்கொட்டையை எழுதிக்கொள்ளவில்லை. "அடிவயிற்று வலி" என்று ஒரு வரி, கீழே ஸ்கேன் என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். நான்கு வருடத்தில் ஆறு ஸ்கேன். கரூரில் மூன்று, ஈரோட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் இரண்டு. ஃபைல்தான் பெருத்தது.

என் வேலை என்னவென்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். ஆடிட்டர் ஆபீஸில் பதினாறு வருடமாக இருக்கிறேன். ஆபீஸில் உட்காருவதைவிட வெளியில் உட்காருவதுதான் அதிகம். நூல் மில், ரைஸ் மில், கொசுவலை கம்பெனி, பஸ் பாடி கட்டுகிற ஷெட், இப்படிப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு வரை வவுச்சர் புரட்ட வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிற இடம் பாதி. அந்தப் பாதியிலும் கதவு பூட்டியிருக்கும், சாவி மேனேஜர் டிராயரில் இருக்கும், நாலு ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கிற ரூமில் போய் அதைக் கேட்க வேண்டும். நான் கேட்டதில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவேன், வந்தால் அடக்கிக்கொள்வேன். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறதோ வரவில்லையோ, "எதுக்கும்" ஒரு தடவை போய்விட்டு வருவேன். பள்ளிக்கூடத்திலேயே பழகியதுதான். எங்கள் பள்ளிக்கூடக் கழிப்பறைக்குள் ஐந்து வருடத்தில் மூன்று தடவை போயிருந்தால் அதிகம்.

வலி எப்போது ஆரம்பித்தது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. பையன் பிறந்து மூன்று வருடம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதவிலக்கின்போது மட்டும் இருந்தது, பிறகு அதற்கு முன்னும் பின்னும், அப்புறம் உட்கார்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒன்றுக்கு வருகிற மாதிரி முட்டும், போனால் நாலு சொட்டு வரும், வந்த பிறகும் எரியும். நீர்க்கடுப்பு என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பிறகு கல்ச்சர் பார்த்தார்கள், கிருமி எதுவும் வளரவில்லை. வளராவிட்டாலும் மறுபடி ஆன்டிபயாடிக். படுக்கையிலும் வலித்தது. அதை வீட்டுக்காரரிடம் சொல்லவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா, உடம்புச் சூடு என்றார். ராத்திரி தொப்புளில் விளக்கெண்ணெய், காலையில் ஊறவைத்த வெந்தயம். அத்தை, "சிசேரியன் பண்ணுன உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

2021-ல் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்கிற ஆபரேஷன், செய்தார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். கர்ப்பப்பையின் உள்வரியில் இருக்கவேண்டிய மாதிரியான திசு வெளியே அங்கங்கே ஒட்டி வளர்வது. எனக்குச் சின்னச் சின்னத் திட்டுகள், எடுத்துவிட்டார்கள். எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் தெரியாமலே இருக்கலாம் என்பதும், பலருக்கு அதைக் கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆக, அந்த ஆறு ஸ்கேன் பொய் சொல்லவில்லை, அவற்றால் பார்க்க முடிந்ததை மட்டும் சொல்லியிருக்கின்றன. ஐந்து மாதம் நன்றாக இருந்தேன். ஆறாவது மாதம் மாங்கொட்டை பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் போய்க் கேட்டால், "உள்ள எல்லாம் க்ளீனா இருக்கும்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்றார்கள். டென்ஷன் என்ற சொல்லில் ஒரு உண்மை இருந்தது. ஆனால் அவர்கள் சொன்ன அர்த்தத்தில் இல்லை. அதற்கு வருகிறேன்.

நடுவில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். யூடியூபில் பார்த்து கெகல் பயிற்சி. ஒன்றுக்கு வருவதை நிறுத்துகிற மாதிரி இறுக்கு, பிடி, விடு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் எழுதியதிலிருந்து பிரபலமான பயிற்சி. பிரசவத்துக்குப் பிறகு தசை தளர்ந்து, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு நல்ல பயிற்சிதான், அதில் சந்தேகமில்லை. எனக்குக் கசிவே கிடையாது. ஆனாலும் "எல்லாப் பெண்களும் தினமும் செய்ய வேண்டியது" என்று ஒரு அம்மணி சிரித்துக்கொண்டே சொன்னதை நம்பி, பஸ்ஸில் போகும்போது நூறு, வரும்போது நூறு என்று செய்தேன். மூன்றாவது வாரம் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

வலி எங்கிருக்கிறது என்று விரலால் தேடிப் பார்த்த முதல் ஆள், திருச்சியில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி சொல்லிப் போன ஒரு மகப்பேறு மருத்துவர். வயதானவர். ஃபைலைத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னார். மாங்கொட்டை இருக்கிற இடத்தில் ஒரு விரலை அழுத்திவைத்தபடி, "தலையையும் தோளையும் மட்டும் தூக்கும்மா" என்றார். தூக்கினால் வயிற்றுச் சுவரின் தசை இறுகும். வலி உள்ளுறுப்பில் இருந்தால் இறுகிய சுவர் அதைக் காத்துவிடும், வலி குறையும். சுவரிலேயே இருந்தால் அதே அளவு வலிக்கும் அல்லது கூடும். கார்னெட் என்ற அமெரிக்க சர்ஜன் 1926-ல் சொன்ன சோதனையாம், ஒரு பைசா செலவில்லாதது. எனக்குக் கூடியது. அப்புறம் உள்பரிசோதனை. இதற்கு முன் செய்தவர்கள் எல்லாரும் நேராகக் கர்ப்பப்பை வாயைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். இவர் ஒற்றை விரலால், பக்கவாட்டில், சுவர் மாதிரி இருக்கிற தசையைத் தொட்டார். வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் தொட்டதும் நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வலிதானா?"

அதே வலி. நான்கு வருடமாக நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்த அதே மாங்கொட்டை. விரல் இருப்பது கீழே, வலிப்பது மேலே வயிற்றில். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியால் இல்லை, கடைசியில் ஒரு ஆள் கையில் அது தட்டுப்பட்டதே என்று.

அந்தத் தசைகளைப் பற்றி எனக்கு அதுவரை எதுவும் தெரியாது. முன்னால் அடிவயிறு முடிகிற எலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, இடுப்பின் அடியில் தூளி கட்டின மாதிரி விரிந்திருக்கின்றன. பெல்விக் ஃப்ளோர் என்கிறார்கள், இடுப்புத்தளம். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான். நாம் அடக்கும்போது அது இறுக வேண்டும், போகும்போது தளர வேண்டும். என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், இடுப்பில் செருகியிருப்பாரே சுருக்குப்பை, அதை நினைத்துக்கொண்டேன். சுருக்கை இழுத்துவிட்டுத் திரும்பத் திறக்காமலே வைத்தால் நூலில் முடிச்சு விழுந்துவிடும். வலிக்கும் என்று பயந்து உடம்பு இறுக்கிப் பிடிக்கிறது, இறுக்கிப் பிடித்த தசை வலிக்கிறது, வலிப்பதால் இன்னும் இறுக்குகிறது. திட்டுகளை ஆபரேஷனில் எடுத்தாயிற்று, ஆனால் பல வருடமாக இறுகிக் கிடந்த தசைக்கு யாரும் போய்த் தகவல் சொல்லவில்லை. அதன்மேல் போய் நான் தினமும் இருநூறு கெகல் செய்திருக்கிறேன்.

அந்த டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். ஏற்கனவே முதுகுவலிக்கு ஒரு பிசியோவிடம் போய் இடுப்பில் நாலு பட்டையை ஒட்டி இருபது நிமிடம் கரண்ட் வைத்துவிட்டு வந்த அனுபவம் இருந்ததால் பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் போனேன். சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். முதல் நாள் ஒன்றரை மணி நேரம், அதில் பாதிக்கு மேல் கேள்விகள்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க, எங்க போறீங்க, வெளியே வெஸ்டர்ன் டாய்லெட்டா இருந்தா உக்காருவீங்களா, உக்காராம அந்தரத்துல நிப்பீங்களா. அந்தரத்தில்தான் என்றேன். அப்படி அரைகுறையாகக் குந்தி நிற்கும்போது தொடையும் பின்புறமும் இறுகியிருக்க, இடுப்புத்தளம் முழுதாகத் தளராது, பை முழுதாகக் காலியாகாது என்றாள். மலச்சிக்கல் உண்டா, முக்குவீங்களா? சிசேரியன் தழும்பைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா? கரூர்ல இருந்து வந்தீங்களே, பஸ்ஸுல எப்படி உக்காந்து வந்தீங்க?

இரண்டு மணி நேரப் பயணம். காலைக் காலோடு பின்னிக்கொண்டு, பையை மடியில் அணைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அப்போதுகூட அவள் எதிரில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இது வலுவில்லாத தசை இல்ல. லீவே எடுக்காம ட்யூட்டி பாக்கற தசை."

இனி எல்லாரும் கேட்கக் கூச்சப்படுகிற பகுதி. பிறப்புறுப்புக்குள் விரல் வைத்துச் செய்கிற சிகிச்சையைப் பற்றி முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை வைத்துக் காட்டி விளக்கினாள். அன்றைக்குச் செய்யவில்லை. இரண்டாவது தடவைதான், அதுவும் மூன்று முறை கேட்டுவிட்டு. "நடுவுல வேணாம்னு தோணுனா வேணாம்னு சொல்லுங்க, காரணம் சொல்ல வேண்டியதில்ல." கருவி எதுவும் கிடையாது. கையுறை, ஜெல், ஒரு விரல். கடிகார முகத்தை வைத்து இடம் சொல்கிறார்கள்: முன்னெலும்பு 12 மணி, மலவாய் 6 மணி. எனக்கு நாலு மணியில்தான் பிரச்சினை. அங்கே ஒரு கொய்யா பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு மெதுவாக அழுத்திக்கொண்டு அப்படியே நிறுத்துவாள். தேய்ப்பதில்லை. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பாள். ஏழு. மூச்சை விடுங்க, இன்னும். ஆறு. ஒன்றரை நிமிடம் போல ஆகும். நாலு. பிறகு, எப்படிச் சொல்வது, வெண்ணெய் சூட்டில் இளகுவது மாதிரி அந்த இடம் விட்டுக்கொடுக்கும். வயிற்றில் இருந்த மாங்கொட்டை அதே நொடியில் மங்கும். அடுத்து விரலை அங்கேயே வைத்துக்கொண்டு முழங்காலை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்வாள், அவள் இன்னொரு கையால் தடுப்பாள். உள்ளே இன்னொரு தசை விரலுக்கடியில் புடைக்கும். இடுப்பைத் திருப்புகிற தசை, இடுப்புத்தளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அதிலும் முடிச்சு இருந்தது.

அம்மாயி ஊரில் சுளுக்கு எடுப்பவர். விளக்கெண்ணெயைத் தடவிக் கழுத்திலோ கணுக்காலிலோ நரம்பு பிசகிய இடத்தைக் கட்டைவிரலால் தேடிக் கண்டுபிடித்து, "இங்கதான் கண்ணு, இருக்குது பாரு" என்பார். மருத்துவம் வேறு, படிப்பு வேறு, தெரியும். ஆனால் கட்டைவிரலால் தேடுவது என்னவோ ஒன்றுதான். கழுத்தில் சுளுக்கு வந்தால் நமக்கு நம்பிக்கை இருக்கிறது, எக்ஸ்ரே நார்மல் என்றாலும் யாரும் நம்மைப் பொய்க்காரி என்பதில்லை. அதே சுளுக்கு கொஞ்சம் கீழே இறங்கிவிட்டால் மட்டும் மனசுதான் காரணம்.

வீட்டுப்பாடம்தான் கஷ்டம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கை வயிற்றில், மூச்சு உள்ளே வரும்போது வயிறு மட்டுமல்லாமல் அடியிலும் இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது, கூடவே இடுப்புத்தளமும் கொஞ்சம் இறங்க வேண்டும், விடும்போது இரண்டும் ஏற வேண்டும். எனக்கு ஒரு வாரம் எதுவுமே இறங்கவில்லை. பத்து நிமிடம் படுத்துக்கொண்டு ரங்கராட்டினம் மாதிரி சுற்றுகிற ஃபேனைப் பார்த்ததுதான் மிச்சம். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, தூங்குவதற்குச் சற்று முன், காற்றுப்போன டியூபில் காற்று நிரம்புகிற மாதிரி கீழே லேசாக ஏதோ விரிந்தது. அப்போதுதான் அதுவரை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன் என்றே தெரிந்தது. பாலாசனம், இரண்டு முழங்காலையும் அக்குளை நோக்கி இழுத்துப் பிடிப்பது, இவையெல்லாம் அந்த விரிவைப் பழக்கத்தான். அப்புறம், பகலில் எப்போதெல்லாம் இறுக்குகிறேன் என்று கவனிக்கச் சொன்னாள். ஆபீஸ் போன் அடித்தால். மேனேஜர் உள்ளே வந்தால். பையன் பரீட்சைத்தாளை நீட்டினால். பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கீழேயும் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

தழும்புக்குத் தனிப்பாடம். ஒன்பது வருடமாகக் குளிக்கும்போதுகூட நான் தொடாத இடம் அது, கை பட்டால் கூசும், பாதி மரத்தும் இருக்கும். முதலில் பருத்தித் துணியால் வருடுவது, பத்து நாள் கழித்து விரல், பிறகு தோலைச் சப்பாத்தி மாவு மாதிரி கிள்ளி உருட்டுவது. ஓர் ஓரத்தில் தோல் அடியோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு மாதத்தில் அது நகர ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு மக். மில்லிலிட்டர் கோடு போட்டது. மூன்று நாள், போகிற ஒவ்வொரு தடவையும் அளந்து எழுத வேண்டும். இந்த வேலை மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது, லெட்ஜர் போட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு 17 தடவை. 90, 110, 70, 120. சாதாரணமாக மூத்திரப்பை 300, 400 மில்லி வரை பிடிக்கும். ஒரு பக்கம் மில்லில் எட்டு மணி நேரம் அடக்குவது, இன்னொரு பக்கம் வீட்டில் இருந்தால் "எதுக்கும்" என்று எழுபது மில்லிக்குப் போவது. இரண்டும் சேர்ந்து பைக்குக் கணக்கே மறந்துவிட்டது. முட்டினால் உடனே ஓடாமல் நின்று, ஐந்து மூச்சு, பத்து நிமிடம் தள்ளு. அடுத்த வாரம் இருபது நிமிடம். வீட்டில் வெஸ்டர்ன் என்பதால் காலுக்கடியில் மனைப்பலகை, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் மலக்குடலை மடக்கிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து குடல் நேராகும், முக்க வேண்டியதில்லை. குந்தி உட்கார்ந்த காலத்தில் நமக்கு இது பாடமாகவே தேவைப்பட்டிருக்காது.

கணக்குப் பார்க்கிறவள், எண் கேட்காமல் இருப்பேனா? இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மூத்திரப்பை வலி நோயும் இடுப்புத்தளத் தசையில் வலியும் இருந்த 81 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு, 2012-ல் வந்தது. ஒரு பாதிக்கு இந்த மாதிரி முடிச்சைத் தேடித் தளர்த்தும் சிகிச்சை, இன்னொரு பாதிக்கு உடம்பு முழுக்க மசாஜ். முதல் வகையில் 59 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மசாஜில் 26. என் நோய் அச்சு அசல் அதுவல்ல, எல்லாருக்கும் சரியாகவும் இல்லை, ஆனால் வெறும் நம்பிக்கையும் இல்லை. அந்த நோய்க்கான அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியில், இப்படி இறுகிய தசை உள்ளவர்கள் கெகல் செய்யக்கூடாது என்றே எழுதியிருக்கிறது. யூடியூப் அம்மணிக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன்.

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் என்று பதினான்கு உண்டு. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் என்று போகிற அந்தக் கணக்கில் கண்ணீரும் ஒன்று. மறுபக்கம் பெண் பிள்ளையைப் பாராட்ட நம்மிடம் இருக்கிற முதல் சொல்லே "அடக்கமான பொண்ணு". சரி, அது வேறு கட்டுரை.

பன்னிரண்டு தடவை போனேன், ஐந்து மாதத்தில், தடவைக்கு 700 ரூபாய், பஸ் தனி. ஏழாக இருந்த வலி இரண்டு, சில நாள் மூன்று. பூஜ்யம் ஆகவில்லை. மாதவிலக்கின் முதல் நாள் இன்றும் மாத்திரை வேண்டும், எண்டோமெட்ரியோசிஸுக்கு மகப்பேறு மருத்துவரிடம் போவதும் தொடர்கிறது. நடுவில் செப்டம்பர் வந்தது. டாக்ஸ் ஆடிட் கெடு 30-ஆம் தேதி, இருபது நாள் தூக்கமில்லை, பயிற்சியில்லை, நாற்காலியே கதி. மாங்கொட்டை திரும்பி வந்தது. பழைய நாளாக இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை அது என்னவென்று தெரிந்திருந்தது, அக்டோபரில் மூன்று வாரத்தில் போனது. வீட்டுக்காரரிடமும் அந்தப் பிசியோ ஒருநாள் வீடியோ காலில் அரை மணி நேரம் பேசினாள். போனை வைத்த பிறகு அவர், "இத்தனை நாளா உனக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றார். ஆக அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு நேராகப் பிசியோவைத் தேட வேண்டாம். சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், காய்ச்சல், காரணமில்லாத எடை குறைவு, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, இதெல்லாம் இருந்தால் முதலில் டாக்டர்தான். தேடுகிறவர்கள் போனிலேயே கேட்டுவிடுங்கள்: இடுப்புத்தளத் தசைக்குத் தனியாகப் பயிற்சி எடுத்தவரா, இறுக்கத்தைத் தளர்த்துவாரா அல்லது கெகல் மட்டும் சொல்லித்தருவாரா என்று. ஆண்களுக்கும் இதே தசைகள்தான். என் பெரியப்பா பையன் இரண்டு வருடம் ப்ராஸ்டேட் வீக்கம் என்று ஆன்டிபயாடிக் சாப்பிட்டான், கிருமி ஒருதடவைகூட வரவில்லை. இப்போது அவனும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

போன மாதம் ஒரு நூல் மில்லுக்குப் போனேன். பதினொன்றரை மணி இருக்கும், மேனேஜர் ரூமில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கதவருகில் நின்று, "சார், லேடீஸ் பாத்ரூம் சாவி குடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. டம்ளர்கள் அப்படியே நின்றன. அவர் டிராயரைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். தொலைந்துவிடக் கூடாது என்று ஒரு முழ நீளப் பழைய பாபினில் கட்டியிருந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மில் முழுக்க நடந்து போய்விட்டு, அதேபோல் நடந்து திரும்பி வந்தேன். சாவியை டிராயரில் கொடுக்கவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வவுச்சரை எடுத்தேன்.